ஆறு குவியல், எத்தனை பொத்தான்?

வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் இருபத்து மூன்று வருடம், வாங்கிய மெமோ நான்கு. பிள்ளைகளின் பெற்றோர்கள் வைத்த பட்டப்பெயர் கடுகு டீச்சர். வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். சட்டை செய்வதில்லை.

ஒன்றாம் வகுப்பில் அவர் யாரையும் நூறு வரை ஒப்பிக்கச் சொன்னதில்லை. பாட்டில் மூடிகளைத் தரையில் கொட்டி, ஐந்தைந்தாகக் குவிக்கச் சொல்வார். "எத்தனை குவியல்?" என்பார். பிள்ளைகள் சொல்லும். அத்துடன் பாடம் முடிந்தது.

ஒரு புதன்கிழமை, தையல்காரர் ஒருவர் மகளை இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். பின்னாலேயே தலைமையாசிரியை.

"கடையில முப்பது பொத்தான் குடுத்து எண்ணச் சொன்னேன். ஆறுங்கிறா. துணி தைக்க வந்தவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. இதத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"உங்க கடைக்கு ஆள் தயார் பண்றது என் வேலை இல்ல சார்."

"பாத்தீங்களா மேடம், வாய் எவ்வளவு நீளுதுன்னு."

தலைமையாசிரியைக்கும் டீச்சருக்கும் என்றைக்குமே ஆகாது. வாய்ப்பை விடுவாரா? "வெள்ளிக்கிழமை என் முன்னாடி இவ எண்ணிக் காட்டணும். தப்பா சொன்னா இந்த வகுப்பு வேற ஆளுக்கு. நீங்க ஸ்டோர் ரூம்ல புத்தகம் அடுக்குங்க."

அவர்கள் போனபின் டீச்சர் மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமி குவித்ததில் பிழையில்லை. முப்பது பொத்தானை ஐந்தைந்தாக வைத்தால் ஆறு குவியல்தான். அப்பா கேட்டது பொத்தானை, அவள் சொன்னது குவியலை. வகுப்பில் அந்த ஒரு கேள்வியைத்தானே கேட்டுப் பழக்கியிருந்தார்? தையல்காரர் பக்கம் நியாயம் இருக்கிறதே என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

வியாழன் முழுக்க இதே வேலை. சிறுமியின் கையை ஒவ்வொரு குவியலின் மேலும் வைத்து, "இதுவரைக்கும் எத்தனை மூடி?"

"அஞ்சு. பத்து. மூணு."

"குவியலை யாரு கேட்டா? முதல்லேருந்து வா."

வெள்ளிக்கிழமை தையல்காரரும் வந்திருந்தார். தலைமையாசிரியை வேண்டுமென்றே முப்பத்திரண்டு சாக்பீஸைக் கொட்டினார். சிறுமி ஆறு குவியல் வைத்தாள், இரண்டு மிஞ்சின. கை நகர்ந்தது. முப்பதில் நின்று, மிச்சத்தைத் தொட்டாள்.

"முப்பத்திரண்டு."

தலைமையாசிரியை நம்பாமல் தானே ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு எழுந்து போனார்.

"அன்னைக்கு அவ ஆறுன்னு சொன்னது என் தப்பு சார்," என்றார் டீச்சர் தையல்காரரிடம்.

"அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க பேசின பேச்சுக்குச் சொல்லத் தோணல."

"இப்பவும் அந்தத் திமிர் போகல பாருங்க."

வகுப்பு அவரிடமே இருந்தது. திங்கட்கிழமை தையல்காரர் மகளை அடுத்த தெருப் பள்ளியில் சேர்த்தார்.