டென்ஷன் இல்லாத குடில்

அந்த வருடம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலை நான் ஒரு மணி நேரத்தில் வைத்து முடித்தேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஸ்டூலில் ஏறி இறங்கிய முழங்கால் வலி இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு வருடமாவது டென்ஷன் இல்லாமல் இந்த வீட்டை ஜோடிக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டவளுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

என் கணவர் ஆடி மாதத்தில் இறந்தார். காலையில் காப்பி கேட்டார். நான் டம்ளரோடு வருவதற்குள் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. "அழுதுரு, நெஞ்சுக்குள்ள வச்சுக்காத" என்று சொந்தக்காரர்கள் முதுகைத் தடவினார்கள். வைத்துக்கொள்ள உள்ளே ஏதாவது இருந்தால்தானே? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது. லீவு முடிந்ததும் கோட்டையூரில் பஸ் ஏறி, மாறி, கல்லல் யூனியன் ஆபீசுக்குப் போனேன். சாயந்திரம் திரும்பி வந்தேன். ஒரு ஆளுக்கு உலை வைத்தேன்.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் வாசலில் ஸ்டார் கட்டுவதில்லை. கேரல் பாடி வருகிறவர்கள் ஸ்டார் இல்லாத வாசலைப் பார்த்ததும் தாளத்தை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்து போவார்கள். பலகாரமும் சுடக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்பதுபோல என் நாத்தனார் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "குடிலு மட்டும் வச்சுக்க. அது சாமி காரியம்" என்று உத்தரவும் கொடுத்தார். நான் அதையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் விடவில்லை.

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தினமும் போனில் அழுவாள். எனக்கும் சேர்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். "ஸ்டாரு வேணாம், புதுச்சேலை வேணாம், எதுவும் வேணாம்மா. குடில் மட்டும் இருக்கணும். அப்பா வைக்கிற சுரூபம் எல்லாம் இருக்கணும். பாலன நான் வைக்கணும். அது இல்லாத வீட்டுக்குள்ள என்னால வர முடியாது" என்றாள்.

பாலன் வைப்பது அவள் வேலை. குழந்தை இயேசுவைப் பிறப்புக்கு முன்னால் குடிலில் வைக்கும் வழக்கமில்லை. மாதாவும் சூசையப்பரும் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இருபத்தி நாலாம் தேதி ராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் என் கணவர் தன் சட்டைப் பையிலிருந்து பாலனை எடுத்து மகளின் கையில் கொடுப்பார். அவள் வைக்கோலில் படுக்க வைப்பாள். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அப்படித்தான். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கும் சரி என்றேன். ஆனால் இதை மட்டும் பிசகாமல் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு இல்லாவிட்டால் போகிறது, பிள்ளைக்காவது ஒரு கிறிஸ்துமஸ் இருக்கட்டும்.

அவர் குடில் வைத்தால் வீடு வீடாக இருக்காது. டிசம்பர் பிறந்ததும் சிமெண்ட் சாக்குப் பேப்பரைக் கஞ்சியில் முக்கி மலை செய்யத் தொடங்குவார். கஞ்சி ஹால் முழுக்க ஒழுகும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காய்ந்துபோன கஞ்சியைத் தேங்காய் நாரால் தேய்க்கிறவள் நான். தட்டுகளில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைப்பார்; முளைத்ததை எலி மேயும்; எலியோடு சண்டை, பிறகு என்னோடு சண்டை. இதற்கெல்லாம் மேலே அந்த சீரியல் செட். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர். ஊருக்கெல்லாம் வயர் இழுத்தவருக்கு வீட்டு விளக்குச் சரத்தைச் சுருட்டி வைக்கத் தெரியாது. ஜனவரியில் ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாச் சரத்தையும் ஒன்றாகப் பிடித்துப் பெரிய பந்தாக உருட்டிப் பெட்டியில் அமுக்கிவிடுவார். மறுவருடம் இருபத்தி நாலாம் தேதி மத்தியானம் அப்பாவும் மகளும் அதைப் பிரிக்க உட்காருவார்கள். நான் அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டே கத்துவேன்.

"ஒரு அட்டையில சுத்தி வச்சா என்ன, கை தேஞ்சா போயிரும்?"

"வருசத்துக்கு ஒருக்காத்தான, விடு" என்பார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. அடுப்பில் எண்ணெய் காயும்.

ஆபீசில் கூட வேலை பார்க்கிற பெண் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். டென்ஷன் இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று அதில் ஒருத்தி சிரித்த முகமாகச் சொன்னாள். சிக்கிக் கிடக்கும் பழைய விளக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றாள். இத்தனை வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியதை அவள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். காரைக்குடிக்குப் போய் ரெடிமேட் ஓலைக் குடில் ஒன்றும், பேட்டரியில் எரியும் சின்னச் சரம் ஒன்றும், பச்சை பிளாஸ்டிக் புல்லும் வாங்கி வந்தேன்.

பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வந்தபோது, உடைந்த மிக்ஸி, துருப்பிடித்த ஸ்டாண்ட், அந்த விளக்குப் பந்து என்று மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்தத எடுத்துக்கிறேம்மா. இது வேணாம். இதப் பிரிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிரும்" என்று சொல்லி, கொல்லைப்பக்கம் துவைகல் ஓரமாகக் கொய்யா மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

குப்பை வண்டியில் போட்டிருக்கலாம். வண்டி வாசலுக்கே வரும். தினமும் துணி துவைக்கும்போது அதைப் பார்ப்பேன். மழை பெய்தது, அதன்மேலும் பெய்தது. குனிந்து எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியே கிடந்தது.

சுரூபப் பெட்டியைத் திறந்தேன். மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், ராஜாக்கள், இடையன், ஆடு, மாடு எல்லாம் இருந்தன. பாலனைக் காணோம். அலமாரியில் தேடினேன். பீரோவில் தேடினேன். அவருடைய சட்டைப் பைகளில் கை விட்டுப் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு இருமல் மிட்டாயும் கிடைத்தன. இருமல் மிட்டாயைக் கண்டு கலங்கியிருக்க வேண்டும். எறும்பு வரும் என்று வெளியே போட்டேன்.

மறுபடி காரைக்குடி. பாலன் தனியாகக் கிடைக்கவில்லை. கடைசியாக ஒரு கடையில் இருந்தது பெரிய அளவு. வீட்டில் கொண்டுவந்து தொட்டியில் வைத்துப் பார்த்தேன். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிள்ளை மாதாவின் தோள் உயரத்துக்கு இருந்தது. சூசையப்பர் கொஞ்சம் மிரண்ட மாதிரித் தெரிந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம்தான். பையில் போட்டு வைத்துவிட்டேன்.

இருபத்தி நாலாம் தேதி மதியம் மகள் வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் குடில் முன்னால் நின்றாள். பிளாஸ்டிக் புல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றாள். என் மனம் நோகக் கூடாது என்று சொன்னது தெரிந்தது. பிறகு பையை இறக்கிவிட்டு, "சீரியல் செட்ட எடுங்க. பிரிப்போம்" என்றாள்.

"அது எதுக்கு? புதுசு வாங்கிட்டேன்ல. பழசத் தூக்கிப் போட்டாச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அதுக்குள்ளதான பாலன் இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம் பெட்டிக்குள் இடிபட்டுப் பாலனின் கை விரல் ஒடிந்துவிட்டதாம். அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, அடுத்த தடவையிலிருந்து அவர் பாலனைக் கைக்குட்டையில் சுற்றி, அதைச் சுற்றி எல்லாச் சரத்தையும் கண்டபடி சுற்றி உருட்டிவிடுவாராம். எங்கே விழுந்தாலும் உடையாதாம்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாக. சொன்னா நீங்க பிரிச்சு அட்டையில சுத்திருவீகளாம்."

சுற்றியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

"அப்பா கையால கடைசியாச் சுத்துனது அது. அதையும் போட்டுட்டீங்களே" என்று முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். கொய்யா இலை ஒட்டி, மண் அப்பி, அந்தப் பந்து அங்கேயே கிடந்தது. அன்றுதான் குனிந்தேன். பைப்படியில் காட்டி அலசிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நுனியைப் பிடித்தாள்.

உட்கார்ந்து பிரித்தோம். ஒரு சரம் வந்தால் அதன் வாலில் இன்னொன்று வரும். பிரித்த இடத்திலேயே மறுபடி சிக்கும். ஹால் முழுக்க ஈரம், மண், இலை. எனக்கு இடுப்பு வலித்தது. வெகுநேரம் கழித்து மகள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"வெட்டிரலாமாம்மா? இது இனிமே எரியவா போகுது?"

"கத்தரிய வை" என்றேன்.

அடுத்த முடிச்சில் உடைந்த பல்ப் ஒன்று என் விரலில் ஏறியது. சுருக்கென்றது. ரத்தம் வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"இது மனுசன் போடுற முடிச்சா? கையா அது, மம்பட்டியா? ஊருக்கெல்லாம் வயரு இழுத்தீகளே, இத ஒழுங்கா வைக்கத் தெரியல? எங்கிட்டச் சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்? அப்பனும் மகளுமா இத்தன வருசம் மறைச்சு வச்சீக, சரி. காப்பி கேட்டீகள்ல? கொண்டாரதுக்குள்ள அப்படி என்ன அவசரம்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சு போயிரும் ஒங்களுக்கு?"

வருடா வருடம் இதே நாளில் இதே ஹாலில் கேட்ட சத்தம்தான். தெருவுக்கே கேட்டிருக்கும். மகளின் கை நின்றுவிட்டது. ஆடியிலிருந்து அவரைப் பற்றி எல்லாரிடமும் பேசியிருக்கிறேன். அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் சண்டை. அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. வாயை மூடி அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் போட்டு அழுதேன்.

மகள் என் மடியிலிருந்த பந்தை வாங்கக் கையை நீட்டினாள். நான் விடவில்லை. வயர்களுக்கு நடுவே கைக்குட்டையின் நீலக்கரை தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது.