துபாய் சேலத்துக்குப் பக்கம்

துபாயிலிருந்து திருச்சிக்கு விமானம் வர நாலு மணி நேரம் ஆகும் என்று எங்கள் வீட்டுக்குச் சொன்னதே மாமாதான். அம்மாவுக்கு ஒரே தம்பி. வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடத்தில் அம்மா அழுத அழுகையை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், "நாலே மணி நேரந்தானுங்கக்கா. நாம சேலம் போற நேரந்தான்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டு ஊர்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் கேட்பதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முனகி இறங்கும் மலையில் கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சந்தைக்கு எவ்வளவு நேரம், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் துபாய் சேலத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நடுவில் ஒரு கடல் கிடந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

எனக்கு ஏழு வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா நாள் குறித்துவிட்டு மாமாவுக்குத் தகவல் சொன்னார். வர முடியுமா என்று கேட்கவில்லை. சேலத்தில் இருப்பவரிடம் அப்படியா கேட்போம்? மாமா முதலில் பார்க்கிறேன் என்றார். பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். அம்மா மட்டும் நம்பவில்லை. கடைசி நேரத்தில் வந்து நிற்பான் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கோயிலில் ஆசாரியைக் காக்க வைத்தோம். மத்தியான பஸ்ஸும் வந்து போனது. கடைசியில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஊசி படுவதற்கு முன்பே நான் அழத் தொடங்கிவிட்டேன். நாலு மணி நேரம் வர மனசில்லாதவனுக்கு அக்கா ஒரு கேடா என்று அப்பா பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

சாயங்காலம் மாமா போன் செய்தார். நான்தான் எடுத்தேன். காது வலிக்கிறதா என்று கேட்டார்.

"நாலு மணி நேரந்தானே மாமா. வந்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

"ஆமா கண்ணு. வந்திருக்கலாம்" என்றார். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மாமா ஊரோடு வந்து சேர்ந்து, மிளகும் மரவள்ளியுமாக இருந்துவிட்ட பிறகும் அது ஆறவில்லை. வாடா என்று கூப்பிட்ட அம்மா, வாங்க என்று கூப்பிட்டார். மரியாதை எவ்வளவு கொடுமையானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் நர்சு வேலைக்கு நான் துபாய் கிளம்பினேன். வழியனுப்ப வந்த மாமா என் பையைத் தூக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எறங்குனதும் வேலைக்கு வச்சவங்க பாஸ்போர்ட்டக் கேப்பாங்க சாமி. குடுத்துராத. எங்கிட்ட வாங்கி வச்சவன் மூணு வருசம் கண்ணுலயே காட்டல."

பின்னால் வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்களாக்கா?"

ஒரு பெரிய ஆளை ஊருக்குப் போகவிடாமல் இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியும் என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.