சுவர் மேசையும் ஜன்னல் மேசையும்

1996 மார்ச் 4: பயிற்சி, மூன்று நாள்.
மார்ச் 11: மேசைகள், இரண்டு.
ஜூன் 17: பேருந்துகள், பதினான்கு. நிறுத்தும் இடங்கள், ஆறு.
அதே நாள்: வழி அடைபட்டுக் கிடந்தது, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஜூன் 18 முதல் 30 வரை: புகார்க் கடிதங்கள், இருநூற்றுப் பதினொன்று.

பேருந்து அலுவலகத்தில் அவரை நிமிஷக்காரர் என்பார்கள். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதை ஒரே மேசையில் ஒரே பென்சிலால் செய்தார், நன்றாகவும் செய்தார். ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக வைப்பார். ஊன்றுகோலோடு வருகிறவரை மனசுக்குள்ளேயே படியிறக்கிப் பார்த்து, அந்த இரண்டு நிமிடத்தை அடுத்த நேர்ச் சாலையில் மீட்டுவிடுவார். இதில் எது கணக்கு, எது கற்பனை என்று அவரும் கேட்டதில்லை, பயணிகளும் கேட்டதில்லை. வண்டி வந்தது, ஏறினார்கள்.

அப்போதுதான் பிரிவுத் தலைவர் பதவி காலியானது. கிடைத்தால் அட்டவணை முழுக்க அவர் கையில். கிடைக்காவிட்டால் அவர் போடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், அவரைவிடப் பன்னிரண்டு வயது இளைய சக ஊழியரின் கையெழுத்து வேண்டும். ஆசைப்படுகிறவர்கள் பயிற்சிக்குப் போகலாம் என்றார்கள். போனார்.

அங்கே டை கட்டிய ஒருவர் மூளைப் படமொன்றை இரண்டு வண்ணத்தில் மாட்டி, இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் கற்பனை, இரண்டையும் சமமாக வளர்க்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி நேரமும் இடமும் ஒதுக்க வேண்டும் என்றார். காரில் வந்து காரில் போன மனிதர். பேருந்துக்காக ஒரு நாளாவது காத்திருந்த முகமில்லை. கூட உட்கார்ந்திருந்த முப்பது பேர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எல்லாவற்றையும் மறந்தார்கள். நிமிஷக்காரர் ஒருவர்தான் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் இன்னொரு மேசை கேட்டு வாங்கினார். சுவரைப் பார்த்த மேசை கணக்குக்கு, ஒன்பதிலிருந்து ஒன்றுவரை. ஜன்னலைப் பார்த்த மேசை கற்பனைக்கு, இரண்டிலிருந்து ஐந்துவரை. சுவர் மேசையில் கலர் பென்சில் கூடாது. ஜன்னல் மேசையில் அளவுகோல் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அப்போது எந்தப் பக்கமும் யோசிப்பதில்லை. இந்த ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

"அப்பா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. இந்த ஒரு கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள் மகள், சாயங்காலம் ஆறு மணிக்கு.

"காலைல கேளும்மா. இப்ப வேணும்னா ஒரு கதை எழுது, பாக்கறேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தையல்காரி. துணியை விரிக்கும்போதே, போட்டுக்கொள்ளப் போகிறவள் எப்படி நடப்பாள் என்பதும் கைக்கு எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதும் அவளுக்கு ஒன்றாகத் தெரியும். அவளை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அனுப்பியதில்லை.

ஏப்ரல் மாதம் ஜன்னல் மேசையில் ஒரு பூ மலர்ந்தது. பதினான்கு வழித்தடங்கள், பதினான்கு இதழ்கள். எல்லா வண்டிகளும் காலை எட்டரைக்கு மத்திய நிலையத்துக்கு வந்து எட்டு நாற்பதுக்குக் கிளம்பும். எதிலிருந்து இறங்கினாலும் வேறு எதிலும் உடனே ஏறலாம். மேலதிகாரிகளுக்கு வாயெல்லாம் பல். சோதனை ஓட்டம் நன்றாகப் போனால் பதவி அவருக்குத்தான் என்றார்கள். வீட்டிலும் படத்தை விரித்துக் காட்டினார்.

"ஏங்க, ஸ்டாண்டுல ஆறு வண்டி நிக்கத்தான இடம் இருக்கு? பதினாலும் ஒண்ணா வந்தா எங்க நிக்கும்?" மனைவி கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எண்ணிக்கை எல்லாம் காலைல பாக்குற விஷயம்."

மறுநாள் காலையில் மறக்காமல் கேட்டாள்.

"அது கற்பனைத் திட்டம். அதைச் சுவர்ப் பக்கம் கொண்டுவரக் கூடாது."

"அப்ப என் கேள்விக்குன்னு நடுவுல ஒரு மேசை போடுங்க."

போடவில்லை. சுவர் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியின் ஓட்ட நேரத்தையும் தனித்தனியாக மூன்று முறை சரிபார்த்தார். பதினான்கும் பிசகில்லாமல் எட்டரைக்கு வந்து சேரும் என்று கணக்கு சொன்னது.

கணக்கு பொய் சொல்லவில்லை. சோதனை நாளன்று பதினான்கும் வந்தன. ஆறு உள்ளே நின்றன, ஏழாவது வாசலில் நின்றது, மீதி சாலையில் நின்றன. நிலையத்துக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல். ஏழாவது வண்டி நகராமல் உள்ளே இருக்கும் ஆறும் வெளியே வர முடியாது. ஆறும் வெளியே வராமல் ஏழாவது உள்ளே போக முடியாது. வண்டிகளின் வரவைக் குறிக்கும் நேரக்காப்பாளர், பூப் படத்தோடு நின்ற நிமிஷக்காரரிடம் வந்தார்.

"சார், பூ நல்லாவே மலர்ந்துடுச்சு. எப்படி மூடறதுன்னு படத்துல போட்டிருக்கா?"

நிமிஷக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். காலை நேரம், கணக்குதான் பேச வேண்டும். "ஒரு வண்டியாவது லேட்டா? நீங்களே பாருங்க."

"இல்ல சார். ஒண்ணாவது லேட்டா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பதவி இளையவருக்குப் போனது. புகார்க் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதும் வேலை இவருக்கு வந்தது. இருநூற்றுப் பத்தையும் சுவர் மேசையில் தேதி வாரியாக அடுக்கினார். ஒன்று மட்டும் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒருவர் எழுதியிருந்தார்: பழைய அட்டவணை போட்டவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், நாங்கள் படியிறங்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். எந்த மேசையில் வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார்: இளையவருக்குக் கீழேயே இருக்கிறேன், ஒரு மேசையை எடுத்துவிடுங்கள், பழையபடி அட்டவணை போட மட்டும் விடுங்கள். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய புத்தியுள்ள கடிதம் அது ஒன்றுதான்.

பதில் வீட்டு விலாசத்துக்கு வந்தது. அன்று விடுப்பில் இருந்த அவருக்கு மனைவிதான் அதைப் பிரித்துப் படித்தாள். அட்டவணைப் பிரிவிலிருந்து அவர் விடுவிக்கப்படுகிறார். கணக்கையும் கற்பனையையும் சமமாகப் பேணுவதில் அவருக்குள்ள தனி அனுபவத்தைக் கருதி, அந்த மூன்று நாள் வகுப்பை எடுக்கும் பயிற்சியாளராக நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். மூளைப் படம் அலுவலகச் செலவில் தரப்படும்.

"பிஸ்கட்டு உண்டா?" என்றாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். எந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டும் என்பது முதல்முறையாக அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடிதம் வந்தது 1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை.