சோற்றுக்காரனும் மரச்சீனிக்காரனும்

குழித்துறைச் சந்தையில் மருந்துக்கடை நான் கட்டினது. அதற்கு மாடியும் நானே எடுத்தேன். பாறை, ஒன்றும் வேர் பிடிக்காது என்று எல்லாரும் கைவிட்ட நிலத்தை அருமனையில் வாங்கி ரப்பர் வைத்தேன். நான்காம் வகுப்பு தாண்டாதவன். தகப்பன் எனக்கு விட்டுப்போனது அவருடைய இருமல் ஒன்றுதான்.

சுதந்திரம் கிடைத்த ஒன்றிரண்டு வருசத்தில் சயரோகத்துக்கு ஊசிமருந்து வந்தது. திருவனந்தபுரத்தில் ஆளைப் பிடித்து அதை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். வேண்டியவர் ஏராளம், மருந்து கொஞ்சம். ஊசி போட்டுக்கொண்டவர்களை வகை பிரித்துப் பார்த்த டாக்டர், கிழக்கே நாஞ்சில்நாட்டுச் சோற்றுக்காரர்கள் தேறுகிறார்கள், மரவள்ளிக் கிழங்கே சாப்பாடான மேற்கத்தி மரச்சீனிக்காரர்கள் சாகிறார்கள் என்று கண்டார். "கிழங்கு தின்ன உடம்பில மருந்து பிடிக்காது வே. இனி சோத்துக்காரனுக்கு மட்டும்." வாசலில் நின்று வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டு விலக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. கிழங்கு என்று உண்மை சொன்னவன் என்னைச் சபித்துக்கொண்டு திரும்பிப் போனான்.

ரப்பர் பால் வெட்டுகிற ஒருவன் சோறு என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டான். முதல் தடவை ரத்தம் துப்பினதுமே பயந்து ஓடிவந்தவன். ஊசி ஏற ஏறக் காய்ச்சல் விட்டது. அந்த நேரம் பார்த்து அவன் பெண்டாட்டி மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்து வார்டில் திறந்தாள். டாக்டருக்கு மணம் எட்டியது.

"இவனுக்கு நிறுத்து. மிச்சத்தைப் பக்கத்துக் கட்டில் பண்ணையாருக்குப் போடு."

பண்ணையார் வருசக்கணக்காக இருமலை மறைத்து, கடைசியில் வந்தவர்.

"நிறுத்தாதேயும்," என்றேன். "கிழங்கு தின்னவன் தேறியிருக்கானே."

"ஒருத்தனை வச்சுப் பேசாதேயும்."

"சோத்துக்காரன்லயும் செத்தவன் உண்டுல்லா? அவனெல்லாம் எப்பம் வந்தான்? கிழக்கே உள்ளவன் இருமினதும் வில்வண்டி கெட்டி வாரான். மேக்கே உள்ளவன் வைத்தியனையும் மந்திரவாதியையும் பாத்துட்டு, உயிரு தொண்டைக்கு வந்தப்பொறவு வாரான். நீரு வயித்தைப் பாத்துப் பிரிச்சீரு. நோவுக்கு எத்தனை வயசுன்னு பாத்துப் பிரியும்."

டாக்டர் முகம் சுளித்தார். ஆனாலும் முன்பு ஊசி போட்டுக்கொண்ட ஆட்களை அப்படியே பிரித்துப் பார்த்தார். ஒன்றிரண்டு பேர் தவிர, எதைத் தின்றவனானாலும் முந்தி வந்தவன் பிழைத்திருந்தான். பிந்தி வந்தவன் போயிருந்தான்.

மிச்ச ஊசி பால் வெட்டுகிறவனுக்கே என்று முடிவானது. அதைப் பண்ணையாரிடம் சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன்.

"அண்ணாச்சி, உமக்குள்ள ஊசி அவனுக்குப் போகுது."

"கிழங்குதின்னிக்கா? எனக்கு எம்புட்டு வயல் உண்டுன்னு தெரியுமாலே?"

"எனக்குத் தெரியும். மருந்துக்குத் தெரியாதே."

பால் வெட்டுகிறவன் தலையைத் தூக்கினான். "அண்ணாச்சிக்கு ரெண்டு துண்டு மரச்சீனி தரட்டா?" வார்டே சிரித்தது. பண்ணையார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த அமாவாசைக்கு முன்னே அவர் போய்விட்டார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். அவருக்குப் போட்டுப் பார்த்தவர் யாருமில்லை. அந்த இடத்தில் வேறு பதில் கிடையாது. அவன் என் முகத்தில் காறித் துப்பினான். பால் வெட்டுகிறவன் மரத்துக்குத் திரும்பினான்.

பிறகு டாக்டர் திருவனந்தபுரத்தில் வைத்தியர்கள் கூடின சபையில் நோவின் வயசு பார்த்துப் பிரிக்கிற இந்த முறையைப் பேசிக் கைதட்டு வாங்கினார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலில் சாபம் வாங்கினவன் நான், எச்சில் வாங்கினவன் நான். அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் டாக்டர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். என் பெயரையும் வெட்டட்டும். அவர் பெயருக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.