கோலம் இருந்த கதவு

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒன்றுபோல இருக்கும். வாசல் கோலத்தைப் பார்த்துத்தான் என் வீட்டைக் கண்டுபிடித்துப் பழக்கம்.

இன்றும் உள்ளே இருப்புக்கொள்ளாமல் கீழே போய் நடந்துவிட்டு வந்தேன். லிஃப்டை விட்டு இறங்கினேன், கோலம் இருந்தது. சாவி திரும்பவில்லை. "ஏங்க, கதவைத் திறங்க" என்று தட்டினேன்.

ஒரு மராட்டிக்காரப் பெண் திறந்தாள். "தீதி, ஆப்கா கர் ஊபர் ஹை", அக்கா, உங்கள் வீடு மேல் மாடியில் என்று கையை மேலே காட்டினாள்.

என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எங்கள் வாசலில் கோலம் கிடையாது. அதையே மறந்திருக்கிறேன்.

மகனிடம் சொன்னேன். "கதவுலதான் நம்பர் இருக்கேம்மா, அதைப் பாரு" என்றான்.

நம்பரைப் பார்த்து நுழைந்தால் லாட்ஜுக்குள் போகிற மாதிரி இருக்கிறது. நீங்களெல்லாம் எதைப் பார்த்து உங்கள் வீட்டுக்குள் போகிறீர்கள்?