மெதுவா டாக்டரின் முதலிடம்

என் அண்ணன் பல் டாக்டர். வருகிறவர்கள் வைத்த பெயர் 'மெதுவா டாக்டர்'. "மெதுவா வாயைத் திறங்க, மெதுவா கொப்பளிங்க, மெதுவா எழுந்திருங்க" என்று எதற்கெடுத்தாலும் மெதுவாதான். ஊசி போடுவதற்கு முன்னால் ஊசியைப் பற்றி ஒரு பிரசங்கம் உண்டு. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயைப் பிளந்தபடி முழுவதையும் கேட்டாக வேண்டும், பதில் சொல்லவும் வழியில்லை. ஆனால் அவர் கை பட்டால் வலிக்காது. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. என் கடைவாய்ப் பல்லை அவர் எடுத்து முடித்த பிறகும் நான் "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கிளினிக். ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே மெஷின், உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு கம்ப்ரசர், வாசல் மேஜைக்குப் பின்னால் நான். போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, பயந்துபோய் பாதிப் படியிலேயே திரும்புகிறவர்களைப் பேசிப் பேசி மேலே கொண்டுவருவது எல்லாம் என் பாடு. பிழைப்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தெருவின் எதிர்ப்பக்கம், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டு ஒரு பல் மருத்துவமனை திறந்தது. அதன் பிறகு எங்கள் போன் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. அண்ணனும் நானும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் வெப்சைட்காரர் வந்தார். தெரிந்தவர் மூலமாக வந்த ஆள். பையைக் கீழே வைப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இப்பல்லாம் யாரும் போர்டைப் பாத்து வர்றதில்ல டாக்டர். பல் வலிச்சா முதல்ல போனைத்தான் எடுக்கறாங்க. தேடினா நீங்க மேல வரணும். வரலைன்னா, அவங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க இல்ல."

வெப்சைட்டைச் செய்து கொடுத்துவிட்டு, பாடமும் நடத்தினார். ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனிப் பக்கம் இருக்க வேண்டும். டாக்டர்கள் பேசும் பாஷையில் எழுதினால் யாரும் தேட மாட்டார்கள், 'பல்லில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது' என்று நோயாளி கேட்கிற மாதிரியே தலைப்பு வைக்க வேண்டும். முகவரியும் போன் நம்பரும் எங்கே போட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வந்து போனவர்களை நாலு வார்த்தை எழுதச் சொல்ல வேண்டும். "ஜனங்க தேடற வார்த்தை உங்க பக்கத்துலயும் இருக்கணும் டாக்டர். தேவையான இடத்துல இருந்தா போதும்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் அண்ணன் முன்பாதியை மட்டும்தான் காதில் வாங்கினார். மாத்திரைக்கு வலி கேட்கவில்லையென்றால் டோஸைக் கூட்டிப் பழகிய மனிதர் அல்லவா? ஆளில்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து தானே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். 'வலியில்லாத பல் சிகிச்சைக்கு எங்கள் வலியில்லாத பல் கிளினிக்கில் வலியில்லாத பல் டாக்டரை அணுகவும்' என்று ஆரம்பித்து முடிவுவரை அதேதான். படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அண்ணா, மனுஷங்க படிக்கற மாதிரியா இருக்கு இது?"

"இது மனுஷங்களுக்கு இல்லம்மா. தேடற மெஷினுக்கு. உனக்குப் புரியாது."

தினமும் காலையில் வந்ததும், கோட்டைக்கூட மாட்டாமல், கிளினிக் கம்ப்யூட்டரில் 'பல் டாக்டர்' என்று அடித்துப் பார்ப்பார். எங்கள் பெயர்தான் உச்சியில் நிற்கும். கூடவே அவர் படம், கிளினிக் வாசல் படம் எல்லாம். "பாத்தியா? அந்தக் கண்ணாடிக்காரனே நமக்குக் கீழதான்" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆள்தான் வரவில்லை. "மெதுவா வருவாங்க" என்றார்.

இதற்கிடையில் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. பல் பிரிவுக்கு ஒரு டாக்டர் வேண்டும், மாதச் சம்பளம், உடனே சேர வேண்டும். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கிளினிக்குக்கே வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்னங்க, சரின்னு சொல்லிடுங்களேன். எத்தனை நாளைக்குத்தான் இப்படி வாசலையே பாத்துக்கிட்டிருக்கறது?"

"முதல் இடத்துல இருக்கறவன் எவனாவது கடையை மூடுவானா? கொஞ்சம் பொறும்மா."

அவள் உட்கார்ந்திருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது. அப்போதும் "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு" என்று என்னிடம் கையை ஆட்டினார். அண்ணி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஒரு நாள் எங்கள் தெரு பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கையில் போன். பல் டாக்டரைத் தேடுகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. நம் பெயர் வரப்போகிறது என்று பெருமையாக எட்டிப் பார்த்தேன். முதலில் கண்ணாடி மருத்துவமனை வந்தது. அதற்குக் கீழே யார் யாரோ வந்தார்கள். அந்த அம்மாள் தள்ளிக்கொண்டே போனார், பக்கமே முடிந்துவிட்டது. நாங்கள் இல்லை.

"அதோ, அந்த மருந்துக் கடைக்கு மேலயே ஒரு நல்ல டாக்டர் இருக்காரும்மா" என்றேன். அவர் என்னை ஆள் பிடிக்க வந்தவளைப் போல ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவை நோக்கிப் போய்விட்டார்.

அங்கேயே நின்று வெப்சைட்காரருக்குப் போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"டாக்டர் அந்தக் கம்ப்யூட்டர்ல எப்பவும் அவரோட அக்கவுண்ட்டுக்குள்ளயே இருக்காரும்மா. கடைக்காரரே தேடினா அவர் கடையைத்தான் முன்னாடி காட்டும். அந்த அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்து, வெளியாள் மாதிரி பாக்கணும்னு அன்னிக்கே சொன்னேனே, தலையை ஆட்டினாரே. அப்புறம் நேத்துதான் பாக்கறேன், ஒரே வார்த்தையை அப்படி அடைச்சு வச்சிருக்காரு. தேடற மெஷின் இதை ஏமாத்து வேலைன்னு நினைச்சு எங்கயோ அடியில தள்ளிடுச்சு. சரி பண்ணிடலாம். ஆனா மேல ஏற மாசக்கணக்கா ஆகும்."

மாடியேறிப் போய் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். மென்று விழுங்க எனக்குத் தெரியாது.

"அந்தம்மா போன்ல ஏதோ கோளாறு" என்றார். என் போனை நீட்டினேன். பார்த்தார். "உன்னோடதும் பழைய போன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். அவர் வேகமாகப் போய் அன்றுதான் பார்த்தேன். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

மருந்துக் கடைக்காரரிடம், "சும்மா பல் டாக்டர்னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்" என்றார். வரவில்லை. அடுத்தது தையல்காரர், அங்கேயும் வரவில்லை. சைக்கிள் கடை, முடி திருத்தும் கடை என்று ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். மற்றவர்கள் போனை எட்டிப் பார்த்துக்கொண்டு, பரீட்சையில் தன் நம்பரைத் தேடும் பையனைப் போல நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. "போதும் வாங்க அண்ணா" என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை.

கடைசியாக ஜெராக்ஸ் கடை. கடைக்கார அம்மா போனில் அடித்துக்கொண்டே பரிவாகக் கேட்டார்: "என்ன டாக்டர், உங்களுக்கே பல் வலியா? எதிர்ல இருக்கறதுதான் முதல்ல வருது. அங்கயே காட்டிடுங்க, நல்லாப் பாக்கறாங்களாம்."

அண்ணன் "சரிம்மா" என்றார்.

மேலே வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. "வேற ஒருத்தர் வந்து சேந்துட்டாரே டாக்டர். நீங்க சொந்தக் கிளினிக்கை விட்டு வர மாட்டீங்கன்னு நினைச்சுட்டோம்." போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "அவகிட்ட நான் என்னம்மா சொல்வேன்?" என்றார். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற அண்ணன் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் காலை கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு, "எதிர்ல ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுப் பாக்கலாம். நீயும் வாயேன்" என்றார். தனியாகத் தெருவைக் கடக்க அவருக்குக் கால் வரவில்லை.

உள்ளே பல்மருந்து வாசனைகூட இல்லை, ஏதோ பூ வாசனைதான் வந்தது. மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதையானவர். எழுந்து நின்று அண்ணனுக்கு நாற்காலி காட்டினார். சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நாளா எங்க சார் பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"சொந்தமா கிளினிக் வச்சிருக்கேன். இந்த ஏரியாவுலதான்."

மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் தட்டினார்.

"இந்த ஏரியான்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார். தேடினா வரலையே. எந்தப் பக்கம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் கண்ணாடிக்கு அப்பால் காட்டினார். "எதிர்ல. மருந்துக் கடைக்கு மேல."

மேனேஜர் எழுந்து போய், கண்ணாடியில் நெற்றி படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"அந்த மாடியில ஆள் இருக்காங்களா சார்?"

நான்தான் சொன்னேன்.

"இருக்கோம்."