வெள்ளிக்கிழமை நாற்றம்

ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியில் லோகேஸ்வரி காவல் வேலை பார்க்கிறாள். முன்பு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பியவள். ஒரு பழுது எங்கே ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் பின்பக்க மாடிப்படியில் ஒரு நாற்றம் கிளம்பியது, அழுகிய முட்டையைப் போல. குடியிருப்போர் சங்கத் தலைவர் சுகுமாரன் ஆள் வைத்துக் கழிவுநீர்க் குழாய்களைத் திறந்து பார்த்தார். எல்லாம் சுத்தம். எலி செத்திருக்குமோ என்று கூரைவரை தேடினார்கள். அதுவும் இல்லை.

லோகேஸ்வரியை ஒன்று உறுத்தியது. நாற்றம் தினமும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வருகிறது, மதியத்துக்குள் போய்விடுகிறது. குழாய்க்குக் கிழமை தெரியுமா என்ன?

அடுத்த வெள்ளியன்று வாசலை இன்னொரு காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். படியடியில் ரொஸ்னா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடியில் குடியிருப்பவள், சோற்றுக்கடை நடத்துகிறாள். மடியில் கிடந்த பச்சைக் கொடியிலிருந்து இலைகளை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“என்னா ரொஸ்னா இது?”

“டாவுன் செகெந்துட் லா அக்கா. வேலியில தானா படர்ந்து கெடக்கு. வெள்ளிக்கெழம கடையில நாசி உலாம் சோறு போடுவேன்ல, அதுக்கு.”

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மலாய்ல பேரே குசு இலை! இதையா சோத்துல போடுற?”

“வயித்துல காத்து இருந்தா இதுதான் கேக்கும்னு எங்க மாமி சொல்லும். மொதல்ல சாப்பிட்டுப் பாருங்க.”

மதியம் ஒரு தட்டு வந்தது. நூலாக அரிந்த இலை, வறுத்த தேங்காய், உதிர்த்த கருவாடு எல்லாம் சூடான சோற்றில் கலந்திருந்தன. லோகேஸ்வரி முதலில் மோந்து பார்த்தாள். பச்சை வாசனை மட்டும்தான். தட்டைக் காலிசெய்துவிட்டுக் கேட்டாள்:

“அந்த நாத்தம் எங்க போச்சு?”

“யாருக்குத் தெரியும்? மாமியும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல.”

லோகேஸ்வரிக்கு அது போதுமா? ஒரு கைப்பிடி இலையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கசக்காத இலை நாறவில்லை. கசக்கியதும் நாறியது. கொதிநீரில் போட்டாள், ஆவியோடு குப்பென்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஏன் என்பது பிடிபடவில்லை. எப்போது என்பதாவது தெரிந்ததே என்று அன்று நன்றாகத் தூங்கினாள்.

சங்கதி சுகுமாரன் காதுக்கும் போனது. அவர் உடனே புல் வெட்டும் ஆட்களை வரவழைத்தார். இயந்திரம் கொடிக்குள் பாய்ந்ததுதான் தாமதம், கட்டடம் முழுக்க ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. சுகுமாரன் மூக்கில் கைக்குட்டையோடு லோகேஸ்வரியிடம் இறங்கி வந்தார்.

“என்னாம்மா, முன்ன விட மோசமா இருக்கு!”

“நசுக்குனாத்தான் நாறும்ணே. சும்மா விட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்.”

“அப்ப விட்டுருங்க, விட்டுருங்க!” என்று அவர் கையசைத்துவிட்டுப் படியேறினார்.

சில வாரங்களில் வேரிலிருந்து கொடி மறுபடி வேலி ஏறியது. ரொஸ்னா இப்போது வேலிக்கு வெளியே உட்கார்ந்துதான் இலை உருவுகிறாள்.

போன வாரம் லோகேஸ்வரி தாசேக் கெலுகோரில் இருக்கும் தங்கைக்காக ஒரு பை இலையோடு பட்டர்வொர்த் போகும் பெரிப் படகில் ஏறினாள். கூட்டத்தில் பை நசுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். லோகேஸ்வரி காலை நன்றாக நீட்டி உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.